நாற்பத்தோராவது தகடு

தேவமலர் ரீச்சர் முப்பத்திரண்டு வருஷம் பரிசோதனைகளைப் படிப்பித்தவள். அதில் பாதிக்கு மேற்பட்டதை அவளே ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. அது அவளுடைய குற்றமுமில்லை. அவள் இரசாயனவியல் ஆசிரியையாகச் சேர்ந்த காலத்தில் சண்டைக்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி வராது, பெற்றோல் வராது. அமிலமும் காரமும் எங்கே வரப்போகிறது? ஆய்வுகூட அலுமாரியில் வெறும் போத்தல்கள்தான் பெயர்ச்சீட்டோடு நின்றன. அவள் கரும்பலகையில் முகவையையும் குழாயையும் கீறி, 'நீலநிறம் மறைவதை அவதானிக்கலாம்' என்று எழுதுவாள். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். வகுப்பில் ஒருவரும் ஒன்றையும் அவதானித்ததில்லை. ஆனால் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்தது.

சண்டை முடிந்து அலுமாரி நிறைந்த பிறகும் அந்தக் குறை அவளுக்குள் கிடந்தது. காணாததைக் கண்டதாக எழுதுவித்துவிட்டேன் என்ற நினைப்பு. ஓய்வுபெற்ற அன்று பிள்ளைகள் மாலை போட்டுப் பேசச் சொன்னபோதுகூட அவள் அதைத்தான் சொன்னாள். எல்லாரும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள்.

ஓய்வுபெற்று இரண்டு மாதத்தில் கீர்த்திகா வந்து ஒரு வீடியோ காட்டினாள். கீர்த்திகா அவளிடம் படித்தவள்; இப்போது பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறாள். வீடியோவில் ஒரு சின்ன உருக்குக் குண்டை ஒரு தகட்டின்மேல் போட்டார்கள். அது துள்ளியது. துள்ளிக்கொண்டே இருந்தது. நிற்கப்போகிறது என்று நினைக்கிற நேரமெல்லாம் இன்னும் துள்ளியது.

"என்ன பிள்ளை இது? ரப்பரோ?"

"உலோகக் கண்ணாடி ரீச்சர். உலோகந்தான். உருக்கிப்போட்டுக் கண்மூடித் திறக்கிறதுக்குள்ளை ஆறவைச்சால் இப்பிடி வரும். வளைச்சால் திரும்ப நிமிரும்."

கண்ணாடி என்றால் உடையும், உலோகம் என்றால் வளையும் என்று முப்பத்திரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவள் அந்த வீடியோவை ஆறு தரம் பார்த்தாள். பிறகு கணவரைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இதைப் பாருங்கோ. இதை நாங்கள் வீட்டிலை செய்யேலாதோ?"

லயனல் பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் வெல்டராக இருந்தவர். உடுவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் சில்வர், அலுமினியம் எது வெடித்தாலும் அவருடைய கைக்குத்தான் வரும். ஒட்டிய இடம் தெரியாமல் ஒட்டுவார். அவர் வீடியோவைப் பார்த்து, தாடையைத் தடவி, "செய்யலாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அன்று அவளுக்கு அவர்மேல் வந்த அன்பு, கல்யாணம் முடித்த புதிதில்கூட வந்ததில்லை.

காரை விற்ற பிறகு சும்மா கிடந்த கராஜ் வேலைத்தலமானது. ஒரு தடித்த சில்வர் பானை. மூடியில் உள்ளே பார்க்க ஒரு கண்ணாடி வட்டம். பானைக்குள் குழி வெட்டிய செம்புக்கட்டி, அது சூடாகாமலிருக்க அதற்குப் பின்னால் தண்ணீர் ஓடும். பழைய பிறிஜ்ஜுகளிலிருந்து கழற்றிய இரண்டு கொம்பிறசர்களால் பானைக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சியெடுத்து, வெல்டிங்காரர் பாவிக்கிற ஆர்கன் வாயுவை நிரப்புவார்கள். உள்ளே சொட்டுக் காற்று மிஞ்சினாலும் கதை முடிந்தது. பானை முழுவதையும் லயனல் ஒரு அச்சாணியில் ஏற்றியிருந்தார். வெல்டிங் சுடரில் உலோகம் உருகி நிற்கும்போது கைபிடியைத் திருப்பினால் பானை சரியும். உருகியது பக்கத்திலுள்ள செம்பு அச்சின் வெடிப்புக்குள் பாயும். செம்பு அந்தச் சூட்டை ஒரே இழுவையில் குடித்துவிடும்.

சேர்ச்சில் ஆராவது விளக்கம் கேட்டால் லயனல் சனம் இருக்கிற நீள வாங்குகளைக் காட்டிச் சொல்லுவார். "சனம் உள்ளுக்கு வந்து வாங்கு வாங்காய் ஒழுங்கா இருக்குமெல்லே, அதுதான் சாதாரண உலோகம். இருக்கிறதுக்கு முதல், நடையிலை நிக்கேக்கையே 'அசையாதேங்கோ' எண்டு நிப்பாட்டிவிட்டால்? அதுதான் உலோகக் கண்ணாடி."

வேலையில் பங்கு தெளிவாக இருந்தது. சிர்க்கோனியம், செம்பு, நிக்கல், அலுமினியம் என்ற நாலையும் மில்லிகிராம் பிசகாமல் நிறுப்பவளும், எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுபவளும் தேவமலர். உருக்கிச் சரிப்பவர் லயனல்.

முதலாவது வார்ப்பு அச்சுக்குள் போகவே இல்லை. இரண்டாவது பாதி வழியில் உறைந்தது. பதினோராவது தகடாக வந்தது. கீழே வைத்துக் குண்டைப் போட்டபோது 'டொக்' என்றது, நாலு துள்ளலோடு நின்றது. இருபத்தாறாவது, எடுக்கும்போதே பிஸ்கட் மாதிரி உடைந்தது. ஒவ்வொன்றையும் அவள் கொப்பியில் எழுதினாள்: என்ன நிறை, எத்தனை செக்கன், என்ன நிறம், ஏன் பிழைத்திருக்கலாம். முப்பத்தெட்டாவது உடைந்த அன்று கராஜ் நிலத்தில் இருந்து அழுதாள். சத்தமாக அழவில்லை. லயனல் பக்கத்தில் நின்று அவளுடைய தலையைத் தடவினார்.

"விடும் மலர். எங்களுக்கு என்ன கட்டாயமே?"

"எனக்குக் கட்டாயம்" என்றாள் அவள்.

அந்த நேரத்தில்தான் பழைய மாணவர்கள் நடத்துகிற விஞ்ஞானக் கண்காட்சிக்கு அவளை அழைத்தார்கள். வந்தால் ஏதாவது காட்டவேண்டும் என்றார்கள். 'வந்தால் பார்ப்பம்' என்று அவள் சொன்னாள். 'கட்டாயம் வருவா, சாமானோடை வருவா' என்று லயனல் சேர்ச்சில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நாற்பத்தோராவதை வார்த்தார்கள். சனிக்கிழமை காலை. சுடர் நன்றாக நின்றது. குழிக்குள் உலோகம் கண்ணாடிக் குண்டு போலத் திரண்டு மினுங்கியது. லயனல் கைபிடியைத் திருப்பினார். பானை சரிந்தது.

"மலர், தண்ணி ஓட்டம் குறையுது போலை கிடக்கு. ஓடிப்போய் மோட்டரைப் பாரும்."

அவள் கிணற்றடிக்கு ஓடினாள். மோட்டர் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வர, லயனல் மூடியைத் திறந்து, கையுறை போட்ட கையில் ஒரு தகட்டை ஏந்திக்கொண்டு நின்றார். இரண்டு விரல் அகலம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் குறைந்த நீளம். ஓரங்களில் கரி பிடித்திருந்தது. நடுவில் முகம் தெரிந்தது.

அவள் தகட்டை நிலத்தில் வைத்தாள். மேலே கண்ணாடிக் குழாயை நிறுத்திப் பிடித்து, சின்ன உருக்குப் பெயரிங் குண்டொன்றைப் போட்டாள்.

குண்டு துள்ளியது. பத்துச் செக்கன் போயிற்று. இருபது போயிற்று. முப்பத்தைந்தில் லயனல் சிரிக்கத் தொடங்கினார். சத்தம் சின்னதாகிச் சின்னதாகி, ஆரோ தூரத்தில் பிஸ்கட் தகரத்தில் விரலால் தட்டுவதுபோல வந்து, ஐம்பத்தெட்டாவது செக்கனில் நின்றது.

அறுபத்திரண்டு வயதுப் பெண் கராஜுக்குள் துள்ளினாள். கணவருடைய கன்னம் இரண்டையும் பிடித்துக் கொஞ்சினாள். ரொறொன்ரோவில் இருக்கிற மகள் அபிகாயிலை வீடியோவில் கூப்பிட, அவளும் "அம்மா! நம்பேலாமல் கிடக்கு!" என்று கத்தினாள்.

அன்று பின்னேரம் கொப்பி எழுத இருக்கும்போது ஒரு விஷயம் இடறியது. அளவைக் கொண்டு கணக்குப் பார்த்தால் தகடு பதினொரு கிராம் அளவில் இருக்கவேண்டும். தராசு பத்துக்கும் குறைவாகக் காட்டியது. அவள் இரண்டு தரம் நிறுத்தாள். பிறகு, 'உள்ளே காற்றுக் குமிழோ?' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, கொப்பியை மூடினாள். சந்தோஷம் அந்தக் கேள்விக்குறியை மேலும் யோசிக்க விடவில்லை.

கண்காட்சியில் அவளுடைய மேசையைச் சுற்றித்தான் கூட்டம். பிள்ளைகள் வரிசையில் வந்து ஒவ்வொருவராகக் குண்டைப் போட்டார்கள். 'கையாலை தொட்டுப் பாருங்கோ, கண்ணாலை பாருங்கோ, பிறகு எழுதுங்கோ' என்று அவள் எல்லாருக்கும் சொன்னாள். லயனல் வெள்ளைச் சேட்டோடு பக்கத்தில் நின்று வாங்குக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாஸ்டர் வந்து இருவருடைய கையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார்.

கூட்டம் குறைந்த பிறகு கீர்த்திகா கேட்டாள்: "ரீச்சர், ஒரு மூலையை வெட்டித் தாறீங்களோ? கொழும்பிலை பரிசோதிச்சுப் பாக்கலாம். கண்ணாடியோ எண்டு உறுதியாத் தெரிஞ்சால் நான் உங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவன்."

"உது ஏன் வெட்டுவான்? வடிவான தகடு" என்றார் லயனல்.

"வெட்டுவம்" என்றாள் தேவமலர். "வெட்டாமல் எப்பிடி அறியிறது?"

இரண்டு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பகல் கீர்த்திகா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அவளுடைய கையில் கொழும்பிலிருந்து வந்த ஒரு தாள். லயனல் அந்த நேரம் சுன்னாகத்துக்குச் சந்தைக்குப் போயிருந்தார்.

"ரீச்சர், கண்ணாடிதான். திறமான கண்ணாடி" என்று கீர்த்திகா சொன்னாள். ஆனால் அவளுடைய முகம் சிரிக்கவில்லை. "நீங்கள் என்னென்ன போட்டனீங்கள்?"

"சிர்க்கோனியம், செம்பு, நிக்கல், அலுமினியம். கொப்பி கிடக்கு, எடுக்கட்டோ?"

"டைட்டேனியம் போடேல்லையோ?"

"நாங்கள் டைட்டேனியம் வாங்கவே இல்லையே பிள்ளை."

கீர்த்திகா தாளை மேசையில் வைத்து ஒரு வரிசையை விரலால் காட்டினாள். டைட்டேனியம் இருந்தது, தாராளமாக இருந்தது. அலுமினியம் பொட்டும் இல்லை.

"இது வெளிநாட்டிலை விக்கிற ஒரு கலவை ரீச்சர். எடை குறைஞ்சது. தகடு தகடாய் வாங்கலாம்." கீர்த்திகா தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் தேவையில்லை. கட்டுரையை எழுதாமல் விடுவம், சனம் மறந்துபோகும்."

தேவமலர் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். போடாதது எப்படி உள்ளே வரும்? எடுக்காத அலுமினியம் எப்படி வெளியே போகும்? ஒரு சின்ன இரசாயனக் கேள்வி அது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் விடை சொல்லும். மோட்டர் சரியாக ஓடிக்கொண்டிருந்ததும், கொப்பியில் போட்ட கேள்விக்குறியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நாற்பத்தோராவதுக்கு முந்தின கிழமை முழுக்க லயனல் கராஜில் தனிய எதையோ அராவிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. 'கேற்றுக்கு ஒரு கொளுக்கி' என்று சொன்னார். கேற்றில் இன்னும் பழைய கொளுக்கிதான்.

லயனல் மரக்கறிப் பையோடு வந்தபோது அவள் மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். கீர்த்திகா போய்விட்டாள்.

"இதிலை டைட்டேனியம் இருக்கு" என்றாள்.

அவர் பையைக் கீழே வைத்தார். ஒரு கத்தரிக்காய் உருண்டு போயிற்று. அவர் அதைக் குனிந்து எடுக்கிற நேரத்துக்குள் ஒரு பொய் தேடுகிறார் என்று அவளுக்கு விளங்கியது. நிமிர்ந்தபோது பொய் கிடைக்கவில்லை போல.

"மலர், நீர் அழுததைப் பாக்க எனக்கு ஏலாமல் இருந்தது."

"ஆர் வாங்கினது?"

"அபியிட்டைச் சொன்னனான். அவள் வைற்றமின் பாசலோடை வைச்சு அனுப்பினவள்."

மகளுமா? 'நம்பேலாமல் கிடக்கு' என்று கத்திய முகம் அவளுக்கு முன்னால் வந்தது.

"எங்கடை அச்சுக்கு ஏத்தமாதிரி அராவினீங்கள்."

"ஓம்."

"கரி பிடிக்க வைச்சீங்கள்."

"ஓம். விளக்கிலை பிடிச்சனான்." அவர் கதிரையில் இருந்தார். "ஒரு தரம் வந்திட்டால் உமக்குத் திருப்தியாயிருக்கும், அதோடை விட்டிடுவீர் எண்டு நினைச்சன். எனக்குப் பாவமாயிருந்தது மலர். வேறை ஒண்டுமில்லை."

"என்னைப் பாவமெண்டு நினைச்சீங்கள்" என்றாள் அவள் மெதுவாக. "என்னாலை ஏலாது எண்டு நினைச்சீங்கள். 'செய்யலாம்' எண்டு சொன்ன வாயாலை."

அவர் கையிலிருந்த கத்தரிக்காயை மேசையில் வைத்தார்.

"அண்டைக்கு வார்த்த தகடு எங்கை? உண்மையான நாற்பத்தொண்டு?"

"தகரப்பெட்டிக்குள்ளை போட்டனான். பழைய இரும்புக்காரன் வந்தவனெல்லே, மற்றதுகளோடை ஏத்திக்கொண்டு போட்டான்."

"குண்டைப் போட்டுப் பாத்தனீங்களோ?"

"என்ன?"

"குடுக்கிறதுக்கு முதல் அதிலை குண்டைப் போட்டுப் பாத்தனீங்களோ?"

லயனல் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கண்ணில் அப்போதுதான் பயம் வந்தது.

"இல்லை" என்றார்.

அதுதான் அவளை முறித்தது. தகட்டை மாற்றியதைக்கூட ஒருவேளை என்றாவது பொறுத்திருப்பாள். நாற்பத்தோராவது கண்ணாடியா, இல்லையா? அது நல்லாய் வந்திருந்தால்? அன்று சுடர் நின்ற மாதிரி முன்னொருநாளும் நின்றதில்லை. அவர் அதைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. பார்க்கத் தேவையில்லை என்று அவருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அன்றிரவு அபிகாயில் அழைத்தாள். தகப்பன் சொல்லியிருக்கவேண்டும். "அம்மா, அப்பா உங்களிலை உள்ள விருப்பத்திலைதானே செய்தவர்" என்றாள்.

"நீயும் அந்த விருப்பத்திலைதான் கத்தினியோ?" என்று தேவமலர் கேட்டாள். மகள் அழத் தொடங்க, அவள் போனை லயனலிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போனாள்.

அடுத்த மாதம், கண்காட்சி நடந்த அதே மண்டபத்தில் உயர்தர மாணவர்களுக்கு அவள் பேசுவதாக முன்பே ஒழுங்காகியிருந்தது. கீர்த்திகா அதை நிறுத்திவிடலாம் என்றாள். தேவமலர் மறுத்தாள். பிள்ளைகள் தகட்டைப் பார்த்துத் தங்கள் கொப்பிகளில் எழுதியிருந்தார்கள். இன்னொரு முறை காணாததை எழுதுவித்தவளாக அவள் இருக்கமாட்டாள்.

போகிற வழியில் ஓட்டோவுக்குள் லயனல் அவளுடைய கையைப் பிடித்தார். "நீர் தொடங்கும். நான் எழும்பி என்ன நடந்ததெண்டு சொல்லுறன். நான் செய்த பிழையை நான்தானே சொல்லவேணும்."

தாள் வந்த நாளிலிருந்து முதல்தடவையாக அவள் தன் கையை இழுக்காமல் விட்டாள்.

மண்டபத்தில் நூறு பேர் இருக்கும். மாணவர்கள், பெற்றோர், சேர்ச் ஆட்கள், பாஸ்டர். லயனல் மூன்றாவது வரிசையில் இருந்தார். தேவமலர் மேடையில் நின்று சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"போன மாதம் இஞ்சை நான் காட்டின தகடு நான் செய்ததில்லை. அது விலைக்கு வாங்கினது. அது எனக்கு அப்ப தெரியாது. பரிசோதிச்ச பிறகுதான் தெரியும். நீங்கள் கொப்பியிலை எழுதினதை வெட்டிவிடுங்கோ."

பின்வரிசையில் ஒரு தகப்பன் எழும்பினார். "ரீச்சர், உங்கடை வீட்டிலை, உங்கடை கராஜிலை செய்தது, உங்களுக்குத் தெரியாமல் எப்பிடி மாறினது?"

நியாயமான கேள்வி. அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

லயனல் நிகழ்ச்சித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். அவர் நிகழ்ச்சித்தாளை இரண்டாக மடித்தார். பிறகு நாலாக மடித்தார். அவருக்கு அந்தப் பக்கம் பாஸ்டர், இந்தப் பக்கம் டிப்போவில் ஒன்றாக வேலை செய்த சந்தியோகு. மடித்த தாளை அவர் சேட்டுப் பொக்கெற்றுக்குள் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

'இவர்தான்' என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். வாய் வரவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்க விருப்பமில்லை என்பதாலல்ல; அவர் எழும்புவார் என்று அந்த நொடிவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள். நம்பி முடிகிறதற்குள் கேட்டவர் தன்பாட்டில் தலையை ஆட்டிவிட்டு இருந்துவிட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பிடிபடப்போகிறேன் என்று தெரிந்து ரீச்சர் முந்திக்கொண்டா என்றார்கள். வயதுபோன காலத்தில் பெயர் எடுக்கிற ஆசை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சேர்ச் வாசலில் ஒரு பெண் இன்னொருத்திக்குச் சொன்னது தேவமலருடைய காதில் விழுந்தது: "லயனல் அண்ணைதான் பாவம். வெக்கத்திலை தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்த மனிசன்."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவருக்குச் சொன்னாள். "கேட்டீங்களே? நீங்கள்தான் பாவமாம்."

"என்ரை நாக்கு எழும்பேல்லை மலர்" என்றார் அவர். "கால் எழும்பேல்லை."

"எனக்கு எழும்பினதுதானே."

அதற்குப் பிறகு அவள் கராஜுக்குப் புதுப்பூட்டு வாங்கினாள். சோறு போட்டுக் கொடுத்தாள், சேட்டுத் தோய்த்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கராஜுக்குள் மட்டும் அவரை விடவில்லை. ஆனால் சுடரைப் பிடிக்க அவளுக்குத் தெரியாது. அந்தக் கை லயனலுடையதாக இருந்தது.

மயிலிட்டித் துறைமுகத்தில் படகுகளுக்கு வெல்டிங் செய்கிற ஜெரிசன் என்பவனிடம் போனாள். காலை பஸ்ஸில் போய் மத்தியானம் திரும்புவாள். கருவாட்டு மணத்துக்கும் டீசல் புகைக்கும் நடுவில், முகமூடியைப் போட்டுக்கொண்டு, வெட்டி எறிந்த தகரத் துண்டுகளில் கை பழகினாள். முதல் கிழமை தகரத்தில் ஓட்டைதான் விழுந்தது. சேலை முந்தானை இரண்டு தரம் கருகியது. மூன்றாம் நாள் மகளுடைய பழைய ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு போனாள்.

"அன்ரி, லயனல் அண்ணையைவிட நான் என்ன சொல்லித்தரப்போறன்? அவரின்ரை கைக்கு ஆர் நிகர்?" என்று ஜெரிசன் கேட்டான்.

"எனக்கு அவரின்ரை கை வேண்டாம் தம்பி. என்ரை கைதான் வேணும்."

அவன் இன்னொரு தகரத் துண்டை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தான்.

நாற்பத்திரண்டாவதிலிருந்து தனியே வார்த்தாள். ஒரே ஆள் சுடரையும் பிடித்துப் பானையையும் சரிப்பது பெரும்பாடு. நாற்பத்திரண்டும் நாற்பத்துமூன்றும் அச்சுக்கு வெளியே சிந்தின. நாற்பத்தைந்து உடைந்தது. அச்சின் வெடிப்பை ஒரு மில்லிமீற்றராகக் குறுக்கி, மெல்லிய நாடாவாக வார்த்தால் இன்னும் கெதியாக ஆறும் என்று யோசித்து, அச்சை மாற்றினாள். ஒவ்வொரு தரமும் மூடியைத் திறக்கமுதல் கராஜ் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். தன்னுடைய வீட்டில், தன்னுடைய கணவரிடமிருந்து காக்க.

நாற்பத்தெட்டாவது, ஆவணி மாதம் ஒரு காலையில், அச்சிலிருந்து தானாகவே கழன்று விழுந்தது. விரல் நீளம். வெள்ளியும் அல்லாத உருக்கும் அல்லாத ஒரு நிறம். இரண்டு கையாலும் பிடித்து வளைத்தாள். வில்லு மாதிரி வளைந்தது. ஒரு பக்கத்தை விட்டதும் 'விண்' என்று நிமிர்ந்து, வளைந்த தடமே இல்லாமல் நேராக நின்றது. இன்னொரு தரம் வளைத்தாள். இன்னொரு தரம்.

அவள் துள்ளவில்லை. நாடாவை மேசையில் வைத்துவிட்டு, எழும்பி, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு யன்னலைப் பார்த்தாள். பானைக்கு அடியில், தராசுக்குப் பின்னால், ஆணிகள் கிடக்கிற தகரத்துக்குள், எல்லா இடமும் தேடினாள். என்ன தேடுகிறேன் என்று நின்று யோசித்தபோது, கிடைக்கவேண்டியது மேசையில் கிடக்கவே, மாற்றிவைத்த இன்னொன்றைத் தேடுகிறேன் என்று விளங்கியது. கதிரையை இழுத்து அதில் இருந்தாள்.

கீர்த்திகா துண்டை அனுப்பி, மூன்று கிழமையில் போன் எடுத்தாள். "ரீச்சர்! கண்ணாடி ரீச்சர்! முழுக்கக் கண்ணாடி!"

"டைட்டேனியம்?" என்றாள் தேவமலர்.

"இல்லை ரீச்சர். நீங்கள் சொன்ன நாலுதான். வேறை ஒண்டுமில்லை."

"வடிவாப் பாத்தனீரோ?"

"ரெண்டு தரம் பாத்தனான்" என்றாள் கீர்த்திகா.

லயனல் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வந்திட்டுதோ மலர்?"

"ஓம். வந்திட்டுது."

அவருடைய முகம் மலர்ந்தது. உண்மையான சந்தோஷம், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. கிட்டே வந்தார். "இனிப் பயமில்லை. இந்த ஞாயிறு சேர்ச்சிலை எழும்பி எல்லாருக்கும் நான் சொல்லுறன். அண்டைக்கு மாத்தினது நான்தான், மலர் உண்மையாச் செய்திட்டா எண்டு. இனி ஒருத்தரும் உம்மை ஒண்டும் சொல்லமாட்டினம்."

அவள் போனை மேசையில் வைத்தாள்.

"வேண்டாம்" என்றாள். "அண்டைக்குச் சொல்லியிருந்தால் உங்களுக்கு நோகும். இண்டைக்குச் சொன்னால் எல்லாரும் சிரிச்சுக்கொண்டு கைகுடுப்பினம். மனிசியிலை எவ்வளவு பட்சம் எண்டுவினம். உங்களுக்கு அதையும் நான் தேடித்தாறதோ?"

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"எனக்குத் தெரியாது. நான் அதைப்பற்றி யோசிக்கிறதை விட்டிட்டன்."

தாளைக் காட்டி ஊரை நம்பவைக்க அவள் போகவில்லை. கீர்த்திகாவிடம் ஒன்றை மட்டும் கேட்டாள்: அந்த மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். நிறுப்பதிலிருந்து அச்சைத் திறப்பதுவரை அவர்களுடைய கண்ணுக்கு முன்னால் நாற்பத்தொன்பதாவதை வார்க்கப்போகிறாள். வந்தால் வரட்டும், உடைந்தால் உடையட்டும்.

புரட்டாதி முதல் சனி கீர்த்திகாவையும் சேர்த்துப் பதினாறு பேர் வந்தார்கள். அவர்களுக்குள், மண்டபத்தில் கேள்வி கேட்ட அந்தத் தகப்பனும் மகளோடு வந்திருந்தார். அவள் கராஜின் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தாள். ஒவ்வொரு உலோகத்தையும் தராசில் வைத்து, பிள்ளைகளைக் கொண்டே இலக்கத்தை வாசிப்பித்தாள். அச்சை அவர்களுடைய கையில் கொடுத்து, வெறுமையாக இருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்க்கச் சொன்னாள்.

லயனல் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார். "நான் எங்கை நிக்கிறது மலர்?" என்று கேட்டார்.

"வந்த ஆக்களோடை நில்லுங்கோ."

அவர் உள்ளே வந்து பின்வரிசையில், பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றார்.

சுடரை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. ஜெரிசனிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடித் துண்டுகளை அவள் பகிர்ந்தாள். பதினாறு துண்டு, பதினாறு பேருக்கு. கடைசித் துண்டு அந்தத் தகப்பனுடைய கைக்குப் போனது. அவள் முகமூடியை இழுத்துவிட்டுச் சுடர்க்கோலை எடுத்தாள்.

"பத்தவைக்கப்போறன்" என்றாள். "கண்ணாடி இல்லாத ஆக்கள் மற்றப் பக்கம் திரும்பி நில்லுங்கோ."

லயனல் ஒருவர்தான் சுவர்ப்பக்கம் திரும்பினார்.